டாம் வின்சென்ட் ஏன் பிழைத்தான்?

ஜாக் லண்டன் எழுதிய 'தீ மூட்ட' சிறுகதையை ஒருமுறை படித்தவருக்கு அதன் முடிவு மறக்காது. யூகானின் கொடுங்குளிரில் தனியாக நடந்து போகிற ஒரு மனிதன், ஓடையின் பனிக்கட்டி உடைந்து காலை நனைத்துக்கொள்கிறான். மூட்டிய தீ அணைந்துபோகிறது. மறுபடி மூட்ட முடியாமல் உறைந்து சாகிறான். கூட வந்த நாய் வேறு மனிதர்களைத் தேடிப் போய்விடுகிறது. சாகசக் கதை எழுத ஆசைப்படுகிற இளைஞர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இந்தக் கதையைத்தான். ஆகவே ஒரு பழைய சிறுவர் கதைத் தொகுப்பில் இதே தலைப்பில், இதே ஆசிரியர் பெயரில் வேறொரு கதையைப் பார்த்ததும் அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் இருந்தது. நாய் இல்லை. டாம் வின்சென்ட் சாகவும் இல்லை.

பிள்ளைகள் படிக்கிற புத்தகமாயிற்றே என்று பதிப்பாசிரியர் யாரோ முடிவை மாற்றியிருக்கலாம் என்பது முதலில் எழுந்த ஐயம். இதைத் தீர்க்க ஒரே வழி, கதை முதன்முதலில் அச்சான இதழ்ப் பக்கத்தைத் தேடிப் போவதுதான். தேடியபோது ஒன்றல்ல, இரண்டு பிறப்பிடங்கள் கிடைத்தன. டாம் வின்சென்ட்டின் கதை 1902 மே 29 அன்று 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற பாஸ்டன் வார இதழில் வந்திருக்கிறது. பெயரில்லாத மனிதன் சாகிற கதை 1908 ஆகஸ்டில் 'செஞ்சுரி' மாத இதழில் வந்தது; 1910இல் 'லாஸ்ட் ஃபேஸ்' என்ற தொகுதியில் சேர்ந்தது; உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களுக்குப் போனதும் அதுவே. யாரும் முடிவை மாற்றவில்லை. ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரே ஆசிரியர் ஒரே தலைப்பில் இரண்டு கதை எழுதியிருக்கிறார்.

முதல் வடிவம் வெகுகாலம் பழைய இதழ்க் கட்டுகளுக்குள்ளேயே கிடந்தது. ஏர்ல் லேபர், கிங் ஹென்ட்ரிக்ஸ் என்ற இரண்டு ஜாக் லண்டன் ஆய்வாளர்கள் 1967இல் 'ஸ்டடீஸ் இன் ஷார்ட் ஃபிக்ஷன்' ஆய்விதழில் எழுதிய கட்டுரைதான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வழி செய்தது. அவர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தவற்றுள் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு கடிதம்.

1908 டிசம்பர் 22 என்று தேதியிட்ட அந்தக் கடிதத்தை லண்டன் எழுதியது, செஞ்சுரியின் ஆசிரியர் ரிச்சர்ட் வாட்சன் கில்டருக்கு. ஒரு சாட்சியின் வாக்குமூலம்போல அது அமைந்திருக்கிறது. வெகுநாளைக்கு முன் சிறுவர்களுக்காக இந்தக் கருவை எழுதினேன். கரு வலுவானது, உண்மையானதும்கூட, ஏனென்றால் கிளாண்டைக்கில் கால் நனைந்து, தீ மூட்ட முடியாமல் செத்தவர்கள் பலர். அந்தக் கருவுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்ற உறுத்தல் வளர்ந்துகொண்டே வந்தது. ஆகவே பெரியவர்களுக்காக மறுபடி எழுதினேன். இவ்வளவும் சொல்லிவிட்டு லண்டன் இரண்டு உறுதிமொழிகள் தருகிறார். எழுதும்போது பழைய கதையின் பிரதி தன் கையில் இல்லை என்பது ஒன்று. கருவைத் தவிர, சொன்ன விதத்தில் இரண்டுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை என்பது மற்றது. இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரல் மிக அழுத்தமாக ஒலிக்கிறது. பழைய கதையை எப்படி எழுதினேன் என்பதே நினைவில்லை என்றும் சொல்கிறார். நினைவே இல்லாத ஒன்றைப் பற்றி எப்படி இவ்வளவு உறுதியாக இருக்க முடியும் என்ற கேள்வியோடுதான் நான் இரண்டு கதைகளையும் ஒப்பிட உட்கார்ந்தேன்.

அந்த அழுத்தத்துக்குக் காரணம் இருந்தது. அவர்மேல் ஏற்கெனவே புகார்கள் வந்திருந்தன. 'பிஃபோர் ஆடம்' நாவல் தன்னுடைய நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஸ்டான்லி வாட்டர்லூ குற்றம் சாட்டியிருந்தார். 'கானகத்தின் அழைப்பு' நாவலில் எகர்டன் யங்கின் நாய்களைப் பற்றிய நூல் எட்டிப்பார்க்கிறது என்ற பேச்சும் பத்திரிகைகளில் அடிபட்டது. ஒரு பத்திரிகைக்கு விற்ற கதையை இன்னொன்றுக்கும் விற்றார் என்ற பெயர் வேறு சேர்ந்தால், எழுத்தை நம்பிப் பிழைக்கிறவருக்கு அது பெரிய அடி.

முதல் உறுதிமொழியை எளிதாகச் சரிபார்க்கலாம். 1907 ஏப்ரலில் லண்டனும் அவர் மனைவி சார்மியனும் 'ஸ்நார்க்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பினார்கள். மே மாதம் ஹவாயை அடைந்தார்கள். இரண்டாம் 'தீ மூட்ட' எழுதப்பட்டது அந்த ஆண்டு அங்கேதான். எச்சில் காற்றிலேயே உறைந்து வெடிக்கிற குளிரைப் பற்றிய கதை, தென்னையும் வெயிலும் சூழ எழுதப்பட்டிருக்கிறது. கதை அச்சாகி வந்த 1908 ஆகஸ்டில் அவர் சாலமன் தீவுகளில் இருந்தார். கில்டருக்கு அந்தக் கடிதத்தை எழுதியபோது உடல்நலம் கெட்டு, சிட்னியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தேறிக்கொண்டிருந்தார். கடிதத் தேதிக்கு நான்கு நாள் கழித்து, அதே ஊரில் நடந்த பர்ன்ஸ்–ஜான்சன் குத்துச்சண்டையைப் பத்திரிகைக்காக நேரில் பார்த்து எழுதினார். ஒரு சிறு கப்பலில் பழைய வார இதழின் பிரதி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. இந்த உறுதிமொழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது நிற்கவில்லை.

டாம் வின்சென்ட் காலை நனைத்துக்கொண்டதும் ஒரு பைன் மரத்தடியில் தீ மூட்டுகிறான். மாதக்கணக்காகக் கிளைகளில் சேர்ந்திருந்த பனி, அவன் சுள்ளி பொறுக்கிய சிறு அசைவுக்கே நிலைகுலைந்து, உச்சிக் கிளையிலிருந்து ஒவ்வொரு கிளையாகச் சரிந்து, தீயின் மேல் விழுந்து அணைக்கிறது. 1908இன் மனிதன் ஸ்ப்ரூஸ் மரத்தடியில் தீ மூட்டுகிறான். சுள்ளி இழுத்த ஒவ்வொரு முறையும் மரம் அசைந்தது. உச்சிக் கிளை தன் பனியைக் கீழ்க் கிளையில் கொட்டியது. கடைசியில் எல்லாமாகச் சேர்ந்து தீயின் மேல் விழுந்தது. மரத்தின் இனம் மாறியிருக்கிறது. காரணமும் வரிசையும் விளைவும் மாறவில்லை. அதுமட்டுமா? விரல்கள் மரத்துப்போனதால் தீக்குச்சிக் கட்டை மொத்தமாக இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடிப்பது, அதைக் காலில் உரசிப் பற்றவைப்பது, சதை கருகுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. கதையின் முதுகெலும்பே இந்த இரண்டு காட்சிகள்தான். லண்டன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொற்கள் அவருக்கு மறந்திருக்கின்றன. மரமும் பனியும் கருகும் கையும் மறக்கவில்லை. ஆனால் ஆவணம் என்ற முறையில் பார்த்தால், கருவைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை என்ற வாக்கியம் தவறு.

இங்கேதான் தேடல் எனக்கு உண்மையிலேயே சுவையாயிற்று. நிகழ்ச்சிகள் இவ்வளவு ஒத்திருந்தும் முதல் கதையைப் படிக்கும்போது நெஞ்சு படபடப்பதில்லை. இரண்டாவதை எத்தனையாவது முறை படித்தாலும் அந்தப் பனி விழும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. ஒரே மரம், ஒரே பனி. வேறுபாடு எங்கே இருக்கிறது?

அதைக் கண்டுபிடிக்க இரண்டு கதைகளின் படிகளையும் எடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதி வைத்தேன்: இந்த இடத்தில் ஆபத்து யாருக்குத் தெரியும்? 1902 கதையில் அந்தக் கேள்விக்கான விடை முதல் பத்தியிலேயே முடிந்துபோகிறது. வடபுலத்தில் தனியாகப் பயணம் போகக் கூடாது, டாம் வின்சென்ட் இதைக் கசப்பான அனுபவத்தால் கற்றுக்கொண்டான் என்று கதைசொல்லியே தொடங்குகிறார். கற்றுக்கொண்டான் என்றால் உயிரோடிருக்கிறான். வாசகருக்கு அதற்கப்புறம் எஞ்சியிருப்பது எப்படித் தப்பினான் என்ற ஆவல் மட்டும்தான். முதல் தீக்குச்சிக் கட்டு பனியில் விழுந்து அணைந்த பிறகும், வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன உலர்ந்த சருகும் சுள்ளியும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. அங்கே தீ பிடித்துக்கொள்கிறது. நொண்டியபடி தோழர்களிடம் போய்ச் சேர்கிறான். கையில் தழும்பு, வாயில் பாடம்.

இது திறமைக் குறைவு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. யூத்ஸ் கம்பேனியன் 1827இல் தொடங்கப்பட்ட குடும்ப இதழ். அமெரிக்கப் பள்ளிகளில் சொல்லப்படும் கொடி உறுதிமொழியே 1892இல் அதில்தான் முதலில் அச்சானது. பெற்றோர் நம்பிக் குழந்தைகள் கையில் கொடுத்த பத்திரிகை அது. அதற்கு எழுதுகிறவர் நாயகனைக் கொன்றுவிட்டுப் போக முடியாது. டாம் வின்சென்ட் பிழைத்தது அந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்காக.

1908 கதையில் என் ஓரக் குறிப்புகள் ஒரு தனி வரைபடமாகவே ஆகிவிட்டன. குளிர் எவ்வளவு என்பது அங்கே மூன்று பேருக்கு மூன்று விதமாகத் தெரிகிறது. மனிதன் மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே என்று நினைத்துக்கொண்டு நடக்கிறான். கதைசொல்லி வாசகரிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறார்: சுழியத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ மைனஸ் 59 டிகிரி செல்சியஸ். நாய்க்கு எண் தெரியாது, வெப்பமானி தெரியாது. ஆனால் இது நடக்கிற நேரமல்ல, பனியில் குழி தோண்டிச் சுருண்டு படுக்கிற நேரம் என்று உடம்புக்குத் தெரியும். வாசகருக்குத் தெரிகிறது, சொல்ல முடியாது. நாய்க்குத் தெரிகிறது, அதற்கும் சொல்ல முடியாது. தெரியாதவன் ஒருவன்தான், அவன் கையில்தான் தீக்குச்சி இருக்கிறது. திகில் இந்த ஏற்பாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பனிக்கட்டி உடைவதற்கு வெகுநேரம் முன்பே.

சல்ஃபர் ஓடையில் சந்தித்த கிழவரின் எச்சரிக்கையை லண்டன் கையாளும் விதத்தையும் பாருங்கள். மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே போனால் தனியாகப் போகாதே என்ற அறிவுரை கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதில்லை. மதிய உணவுக்கு உட்கார்ந்தபோது விரல் மரத்துப்போனதும் கிழவர் முதலில் நினைவுக்கு வருகிறார். அன்று அவரைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வருகிறது. நனைந்த பின் தீ நன்றாகப் பிடித்ததும் இந்தப் பழைய ஆட்கள் ரொம்பத்தான் பயப்படுகிறார்கள் என்று எண்ணம் ஓடுகிறது. தீ அணைந்ததும் துணைக்கு ஒருவன் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. சாகும் தறுவாயில் கிழவர் சொன்னதே சரி என்று முணுமுணுக்கிறான். 1902இல் கதையின் நெற்றியில் ஒட்டியிருந்த பாடம், இங்கே கதைக்குள் ஒரு பாத்திரமாக இறங்கி, மனிதனின் நம்பிக்கை ஏறி இறங்குவதை அளந்து காட்டுகிறது. ஒரே செய்திதான். ஆசிரியர் சொன்னபோது அது அறிவுரை. கிழவர் சொல்லி அவன் சிரித்ததும் அது விதியாகிவிடுகிறது.

ஒத்திகைகளும் உண்டு. மனிதன் தன் காலை நனைப்பதற்கு முன்பு நாயின் கால் நனைகிறது. அது உடனே விரல்களுக்கு இடையில் உறைந்த பனியைக் கடித்து எடுக்கிறது. அதற்கு உதவ அவன் கையுறையைக் கழற்றியதும் ஒரு நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துப்போகின்றன. பின்னால் நடக்கப்போகும் எல்லாமே இந்தச் சின்னக் காட்சிக்குள் இருக்கிறது. அப்புறம் நேரம்: காலை ஒன்பது, பத்து, பன்னிரண்டரை, மாலை ஆறுக்குள் முகாம். கடிகாரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லிக்கொண்டே வந்துவிட்டு, கால் நனைந்த பிறகு லண்டன் நேரத்தைச் சொல்வதை நிறுத்திவிடுகிறார். கடைசியில் அந்தி மட்டும் வருகிறது.

நாய் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆவணங்களிலேயே விடை இருக்கிறது. இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் 1903இல் 'கானகத்தின் அழைப்பு', 1906இல் 'வெள்ளைப் பல்' என்ற இரு நாவல்களும் வந்துவிட்டன. ஒரு நாயின் மூக்கு வழியாகவும் பயத்தின் வழியாகவும் உலகைச் சொல்ல அவர் அந்த நாவல்களில் கை பழகியிருந்தார். 1902இல் அந்தக் கை அவருக்கு இல்லை. சாவையே நாயின் பக்கத்தில் நின்றுதான் சொல்கிறார்: பனியில் அசையாமல் உட்கார்ந்தும் தீ மூட்டாத மனிதனை அது இதுவரை பார்த்ததில்லை. காத்திருக்கிறது, சிணுங்குகிறது, அருகில் போய் மோந்து பார்த்துப் பின்வாங்குகிறது. மனிதன் இறந்த கணம் எது என்று கதையில் எங்கும் எழுதப்படவில்லை.

இன்னொரு தடயம் இடப்பெயர்களில் கிடைத்தது. டாம் வின்சென்ட் நடந்தது பால் ஓடை வழியாக. பெயரற்றவன் போய்ச் சேர வேண்டிய முகாம் ஹெண்டர்சன் ஓடையின் இடது கிளையில் இருக்கிறது. 1897 நவம்பர் 5 அன்று டாசன் நகரில், 21 வயது லண்டன் தன் பெயரில் பதிவு செய்த தங்கச் சுரங்க உரிமை அதே ஓடையின் அதே இடது கிளையில்தான், எண் 54. அவர் பெயர் பொறித்த மரப்பலகையும் அந்தப் பக்கத்துக் காட்டுக் குடிசை ஒன்றிலிருந்துதான் கிடைத்தது. டிக் நார்த் என்ற தேடலாளர் 1960களில் அந்தக் குடிசையை அடையாளம் கண்டார். அதன் மரங்களைப் பிரித்து இரண்டு குடிசைகளாக்கி, ஒன்றை டாசனிலும் மற்றதைக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலும் நிறுத்தியிருக்கிறார்கள். சிறுவர் கதையில் விலகி நின்று பாடம் சொன்னவர், இரண்டாம் முறை அந்த மனிதனைத் தன் சொந்தச் சுரங்கத்தை நோக்கியே நடக்கவிட்டிருக்கிறார்.

ஊரை இவ்வளவு சரியாகச் சொன்னவர் வானத்தில் மட்டும் சலுகை எடுத்துக்கொண்டார். அந்த நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே வரவில்லை, பூமியின் வளைவு மறைத்துக்கொண்டது என்கிறது 1908 கதை. ஹெண்டர்சன் ஓடைப் பகுதி ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 63 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலில்கூட அங்கே நண்பகல் சூரியன் சுமார் மூன்று டிகிரி உயரம் வந்துவிடும். சுற்றியுள்ள மலைகள் அதை மறைக்கலாம். பூமியின் வளைவு மறைக்காது. ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே கிடந்து, ஸ்கர்வி நோயோடு திரும்பிய லண்டனுக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை. தீயைத் தவிர வேறு வெப்பத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்பதற்காக அவர் சூரியனை எடுத்துவிட்டார் என்பது என் முடிவு. அந்த மனிதனின் நிலைமை முழுவதும் இதனால் தீக்குச்சியை மட்டும் நம்பி நிற்கிறது. இதைப் பிழை என்று திருத்துகிற பதிப்பாசிரியர் கதையைக் கெடுத்துவிடுவார்.

சிட்னியிலிருந்த லண்டனின் கடிதம் கில்டருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். இரண்டு கதைகளையும் படித்தவருக்குப் போதாது. அவர் புதிய கதை எழுதவில்லை. அதே நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு, தெரிந்தது யாருக்கு, தெரியாதது யாருக்கு என்பதை மாற்றினார். அதன் பிறகு முடிவு தானாகவே மாறிவிட்டது. கருவுக்கு நியாயம் செய்யவில்லை என்று அவர் பட்ட உறுத்தல் மட்டும் அந்தக் கடிதத்தில் முழு உண்மை.

இரண்டு வடிவங்களும் இன்று பதிப்புரிமைக்கு வெளியே இருக்கின்றன. இணைய நூலகங்களில் யாரும் எடுத்துப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம். கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் 1908 வடிவத்தை மட்டும் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். 1902ஐ முதலில் படிக்கக் கொடுங்கள். மறுநாள் மற்றதைக் கொடுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஆபத்து யாருக்குத் தெரியும் என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.